சிலிங் ஆற்று நடை: மதியத்துக்குள் கரையேறத் திட்டமிடும் முறை

கோலாலம்பூரிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். கோலகுபு பாருவைத் தாண்டி, சிலாங்கூர் அணைக்கட்டையும் கடந்து, பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் போனால் சுங்கை சிலிங் (மலாயில் சுங்கை என்றால் ஆறு) நுழைவாயில் வரும். அங்கிருந்து நீர்வீழ்ச்சிக்குப் போகும் காட்டுப் பாதை, பள்ளத்தாக்கின் இரு கரைக்கும் மாறி மாறி, ஐந்து ஆறு இடங்களில் ஆற்றில் இறங்கி ஏறுகிறது. செங்குத்தான ஏற்றம் அதிகமில்லை. வாரத்தில் இரண்டு நாள் நடைப்பயிற்சி செய்கிறவர் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் நீர்வீழ்ச்சிக்குப் போய்ச் சேரலாம்.

நடை நடுத்தரமானதுதான். ஆற்றை அப்படிச் சொல்ல முடியாது. காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடிய தண்ணீரை மதியம் திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி கடந்தாக வேண்டும். சுற்றி வர வேறு பாதை கிடையாது. அதனால் இந்த நடையைக் கடைசியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே சரி. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று தொடங்காதீர்கள். கடைசித் துறையை எத்தனை மணிக்குள் தாண்டியிருக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். (ஆற்றைக் கடக்கும் இடம் ஒவ்வொன்றையும் இங்கே துறை என்றே சொல்கிறோம்.)

அந்த நேரம் மதியம் 1.30

மலேசியாவின் மேற்குக் கரை மலைகளில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். காலை வெயிலில் சூடேறிய ஈரக் காற்று மலைச்சரிவில் மேலே ஏறி, 12 மணிக்குள் மேகம் கட்டி, 2 மணியிலிருந்து 5 மணிக்குள் இடியோடு கொட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது கிட்டத்தட்ட தினசரி வாடிக்கை. பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் கொஞ்சம் தேவலை. ஆனால் மழையே பெய்யாத மாதம் என்று இங்கே ஒன்றுமில்லை. முதல் முறை போகிறவர்கள் அந்த நான்கு மாதங்களையும் விட்டுவிடுவது நல்லது.

1.30-ஐ வைத்துப் பின்னால் எண்ணுங்கள். நீர்வீழ்ச்சியிலிருந்து கடைசித் துறை வரை ஒன்றரை மணி நேரம். யாராவது வழுக்கி விழுந்தால், சப்பாத்து பிய்ந்தால் என்று மேலும் அரை மணி நேரம். ஆக, நீர்வீழ்ச்சியை விட்டு 11.30-க்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேரம் இருக்க ஆசைப்பட்டால் 10 மணிக்குப் போய்ச் சேர வேண்டும். நடைக்கு ஒன்றரை மணி நேரம், இடையில் மூச்சு வாங்கக் கால் மணி நேரம் என்று வைத்தால் 8.15-க்கு நடக்கத் தொடங்கியாக வேண்டும். வாசலில் பெயர் பதிய, காலைக்கடன் முடிக்க, பையைச் சரிபார்க்க அரை மணி நேரம். கோலகுபு பாருவில் பசியாறிவிட்டுப் போகிறவர்கள் கோலாலம்பூரை விட்டு 5.30-க்குப் புறப்பட வேண்டியிருக்கும். கடையில் உட்கார்ந்து தோசைக்குக் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழுக்கள் தாமதமாவது காட்டுக்குள் அல்ல, இந்தக் கடையில்தான்.

ஏதோ காரணத்தால் 9.30-க்குத்தான் வாசலுக்கு வந்தீர்கள் என்றால், திரும்பும் நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். நீர்வீழ்ச்சியில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். 11.30-க்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கிருந்தே திரும்புங்கள், நீர்வீழ்ச்சியின் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தாலும் சரி.

எத்தனை பேர், யார் யார்

கோயில் இளைஞர் குழு, பழைய மாணவர்கள், குடும்பத்தோடு மாமா மகன் சித்தி மகள் என்று வேன் பிடித்து 25 பேர் போவது நம்மிடம் சகஜம். துறையில் ஒருவர் கவனமாகக் கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். 20 பேர் என்றால் ஒரு துறைக்கு அரை மணி நேரம். ஆறு துறைக்கு மூன்று மணி நேரம். அது போகும்போது மட்டும். மேலே போட்ட நேரக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். நான்கிலிருந்து எட்டுப் பேர் வரை ஒரு குழு. அதற்கு மேல் இருந்தால் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று பொறுப்புக் கொடுங்கள். பின்னால் வருகிறவர் குழுவிலேயே அனுபவம் கூடியவராக இருக்கட்டும். முன்னால் போகிறவர் வழியைத்தான் பார்ப்பார். களைத்தவரையும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறவரையும் பின்னால் வருகிறவர்தான் பார்ப்பார்.

பிள்ளைகளை வயதை வைத்து முடிவு செய்யாமல் உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பெரியவரின் முழங்கால் ஆழம் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட இடுப்பு. இடுப்பளவு ஓடும் தண்ணீர் யாரையும் தூக்கிவிடும். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு உலு லாங்காட்டில் படிக்கட்டோடு இருக்கும் சுங்கை காபாய், ரவாங் சாலையில் ஏழு அடுக்காக விழும் கஞ்சிங் இரண்டும் பொருத்தம். கொம்பாக்கில் காராக் நெடுஞ்சாலைக்கு அடியில் சுரங்கம் வழியாக ஓடைக்குள்ளேயே நடந்து போகும் சுங்கை பீசாங், சிலிங்குக்கு முன்னால் ஒரு பயிற்சி. அங்கே ஈரப் பாறையில் கால் எப்படி வைப்பது என்று தெரிந்துவிடும்.

அனுமதியும் திறக்கும் நாளும்

சிலிங் ஆறு கெலா மீன்களுக்கான சரணாலயம்; மீன்வளத் துறை சம்பந்தப்பட்ட இடம். தூண்டில், வலை கொண்டு போகக் கூடாது. வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் மட்டும் திறப்பதே வழக்கம். மழைக்காலத்திலோ நிலச்சரிவுக்குப் பிறகோ முன்னறிவிப்பில்லாமல் மூடிவிடுவார்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாமில் 31 பேர் இறந்த நிலச்சரிவுக்குப் பின் இதில் கட்டுப்பாடு இன்னும் கூடியது. போகிற வாரத்தில், புதன் அல்லது வியாழன் அன்று, மீன்வளத் துறையிடமும் சிலாங்கூர் வனத்துறையிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு முன் யாரோ போட்ட காணொளியை நம்பிப் போகாதீர்கள்.

காப்புக் காடுகளுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சில பாதைகளுக்கு 'மாலிம் குனோங்' எனப்படும் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி கட்டாயம். கேட்கும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.

முதல் நாளும் அன்று காலையும் பார்க்க வேண்டியவை

முந்தைய நாள் மாலை இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பு. கோலாலம்பூருக்கு அல்ல, உலு சிலாங்கூர் மாவட்டத்துக்கு. இரண்டு, வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் இணையதளத்தில் அந்த வட்டார மழைமானிகளும் ஆற்று நீர்மட்டமும். இரண்டாவதுதான் முக்கியம். நாளை மழை வருமா என்பது ஊகம். கடந்த மூன்று நாளாக எவ்வளவு பெய்திருக்கிறது என்பது கணக்கு. தொடர்ந்து பெய்து மண் ஊறியிருந்தால் அடுத்து வரும் மழையை நிலம் உறிஞ்சாது. விழுந்ததெல்லாம் ஆற்றில்தான் இறங்கும். முந்தைய இரவு அங்கே பலத்த மழை என்றால், விடியற்காலை வானம் நீலமாக இருந்தாலும் நடையை வேறு வாரத்துக்கு மாற்றுங்கள்.

அன்று காலை முதல் துறையில் தண்ணீர் கலங்கலாக இருந்தால், அல்லது நடுவில் நிற்கும் பாறைகள் முழுகியிருந்தால், அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வந்துவிட்டோமே என்ற நினைப்பு அந்த நேரத்தில் வரத்தான் செய்யும். கோலகுபு பாரு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். அந்த ஊருக்கே ஆற்றோடு ஒரு பழைய வழக்கு உண்டு. 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபுவை அடித்துப் போனது. பிறகும் வெள்ளமும் வண்டலும் ஓயாமல் வந்ததால்தான் ஊரையே மேட்டுக்கு மாற்றிப் புதிதாகக் கட்டினார்கள்.

நீர்த்தலை

மலாயில் கெப்பாலா ஆயர் என்று நாம் எல்லோரும் சொல்லும் திடீர் மலைவெள்ளம் இதுதான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே, மலை முகட்டில் ஒரு மணி நேரமாக மழை கொட்டியிருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்தாக்கு வரை சரிவு செங்குத்து, ஆற்றின் நீளம் குறைவு, அடியில் கருங்கல் பாறை. தண்ணீர் தேங்க இடமில்லாமல் மொத்தமாக இறங்கி வரும். மேலே எங்காவது விழுந்த மரமும் கிளையும் சேர்ந்து தடுப்பாகி, பின்னால் தண்ணீர் தேங்கி, பாரம் தாங்காமல் ஒரேயடியாக உடைந்தால், கீழே வருவது சுவர் போன்ற அலை. 2023 ஜூலையில் திரெங்கானு, கெமாமானில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரை இப்படித்தான் ஆறு கொண்டு போனது. உல்லாசமாகக் குளிக்க வந்தவர்கள்.

அறிகுறிகள் இவை. தெளிந்த தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறும். காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையும் திட்டுத் திட்டாக மிதந்து வரும். ஆற்றின் சத்தம் கனக்கும். லாரி வருவது மாதிரி அடிக்குரலில் உறுமும். மேலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்றும் மண்வாசமும் வரும். சில சமயம் இதற்கு நேர்மாறாக, தண்ணீர் காரணமில்லாமல் சட்டென்று குறையும். மேலே அடைப்பு விழுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். இவற்றில் ஒன்றே ஒன்றைப் பார்த்தாலும் போதும். பையை எடுக்க ஓடாதீர்கள், செல்பேசியைத் தேடாதீர்கள், படம் பிடிக்காதீர்கள். எந்தக் கரை அருகில் இருக்கிறதோ அந்தக் கரையில் மேலே ஏறுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடுவதில் பயனில்லை, தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும்.

நீர்மட்டம் மெதுவாக ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு எளிய வழி உண்டு. எங்கே உட்கார்ந்தாலும், தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் பார்க்கட்டும். குச்சி நான்கு விரல் அளவு முழுகியிருந்தால் சாப்பாட்டை மூடிக் கிளம்புங்கள். போகும்போது ஒவ்வொரு துறையிலும் நடுவில் ஒருவர் நிற்கும்படி ஒரு படம் எடுத்துக்கொள்வதும் பெரிய உதவி. தண்ணீர் அவர் காலில் எதுவரை இருந்தது என்று திரும்பும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். நினைவை நம்பினால் எல்லாத் துறையும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

துறையைக் கடக்கும் முறை

கடக்கலாமா வேண்டாமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கரையோரம் ஐந்து மீட்டர் அளந்துகொள்ளுங்கள். பெரியவர் சாதாரணமாக நடந்தால் சுமார் ஏழு தப்படி. மேல் முனையில் ஓர் இலையை நீரோட்டத்தின் நடுவில் போட்டு, கீழ் முனைக்கு எத்தனை விநாடியில் வருகிறது என்று பாருங்கள். ஐந்து விநாடி என்றால் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர். இரண்டரை விநாடி என்றால் இரண்டு மீட்டர். அந்த எண்ணை ஆழத்தோடு பெருக்குங்கள். ஆழம் மீட்டரில் இருக்க வேண்டும். வெள்ளத்தில் மனிதர் நிலைத்து நிற்பது பற்றிய ஆஸ்திரேலியப் பொறியியல் வழிகாட்டிகள் பிள்ளைகளுக்கு 0.4-ஐயும் பெரியவர்களுக்கு 0.6-ஐயும் எல்லையாக வைக்கின்றன. சமதரையில் நிற்பவருக்கான எண்கள் அவை. பாசி படிந்த உருண்டைக் கல்மேல் நிற்கும் நமக்கு, பெரியவருக்கும் 0.4-தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சென்டிமீட்டர் ஆழம், அதாவது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம்: அதுவே உச்சம். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். காலையில் எளிதாகக் கடந்தவரை மதியம் வீழ்த்துவது பெரும்பாலும் ஆழம் அல்ல, இந்த வேகம்தான்.

பாதை ஆற்றைத் தொடும் இடமே சரியான துறை என்று நினைக்காதீர்கள். மேலும் கீழும் 20 மீட்டர் நடந்து பாருங்கள். ஆறு அகலமாகப் பரந்து, மேற்பரப்பு சிறு சிறு அலையாக இருக்கும் இடம் ஆழம் குறைந்தது. குறுகி, வழுவழுவென்று அமைதியாக ஓடும் இடம் ஆழமானது, பார்வைக்குத்தான் சாது. பிறகு கீழே பாருங்கள்: விழுந்தால் எங்கே கொண்டு போகும்? கீழே சாய்ந்த மரமோ கிளைக் குவியலோ பாறை இடுக்கோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். தண்ணீர் கிளைகளுக்கு ஊடே போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார்.

இறங்குமுன் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட இது வேண்டும். உங்கள் தோள் உயரத்துக்கு உறுதியான கம்பு ஒன்றை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஊன்றி, முகத்தையும் அந்தப் பக்கமே வைத்து, பக்கவாட்டில் நகருங்கள். கம்பு, இடது கால், வலது கால் என்று ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசைய வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் அடியைத் தடவித் தடவி நகர்த்துங்கள். கல்லின் தலைமேல் மிதிப்பதைவிடக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மிதிப்பது உறுதி. கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாகப் போனால் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. பாறைக்குப் பாறை தாவாதீர்கள். கணுக்கால் முறிவது பெரும்பாலும் சப்பாத்து நனையக் கூடாது என்று தாவும்போதுதான். கால்களை முதல் துறையிலேயே வேண்டுமென்றே நனைத்துவிடுங்கள், கவலை விட்டுப் போகும்.

தள்ளாடுகிறவர் இருந்தால் மூவராகச் சேர்ந்து கடக்கலாம். பலசாலி மேல்பக்கம் கம்போடு நின்று தண்ணீரை உடைக்க, மற்ற இருவர் அவருக்கு நேர் பின்னால் ஒருவர் பையை ஒருவர் பிடித்து, மூவரும் ஒரே நேரத்தில் அடி வைப்பார்கள். கயிற்றை உடம்பில் கட்டவே கூடாது. விழுந்தவரைக் கயிறு ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தும். தண்ணீர் அவரை அடியில் அமுக்கும்.

விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். ஓடும் நீரில் கால் பாறை இடுக்கில் மாட்டினால் உடம்பு முன்னால் கவிழும். முழங்கால் ஆழத்திலும் ஆள் மூழ்குவது அப்படித்தான். மல்லாந்து, காலைக் கீழ்நோக்கி நீட்டி, பாதம் நீருக்கு மேலே தெரிய மிதந்து, கையால் துழாவிக் கரைப்பக்கம் நகருங்கள். இடுப்பு தரையில் தட்டிய பிறகு எழுந்தால் போதும்.

காலுக்கும் பைக்கும்

இங்கே மலையேறுகிறவர்கள் அடிடாஸ் கம்போங் என்று அழைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். ஒரே வார்ப்பாகச் செய்தது, ஒட்டு கிடையாது, தண்ணீரைக் குடிக்காது, அடியில் இருக்கும் முட்கள் சேற்றிலும் வேரிலும் நன்றாகப் பிடிக்கும். மளிகைக் கடைகளில்கூட மலிவாகக் கிடைக்கும். வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக வாங்கி, முழங்கால் வரை வரும் காலுறையோடு போடுங்கள். வெறுங்காலோடு போட்டால் குதிகால் உரிந்துவிடும். மழமழவென்ற ஈரக் கருங்கல்லில் அதுவும் வழுக்கும், அங்கே கையையும் பயன்படுத்துங்கள். நான்கைந்து வருடமாக அலமாரியில் கிடந்த மலையேற்றச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வராதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் நடு அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப் போயிருக்கும். பார்த்தால் புதிதாகத் தெரியும், தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறியதும் அடி தனியாகக் கழன்று வரும். சிலிப்பர் வேண்டவே வேண்டாம்.

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, தொடையை உரிக்கும். காற்பந்து விளையாடப் போடும் பாலியஸ்டர் சட்டையும் நீளக் காற்சட்டையும் போதும். தொடை உரசுகிறவர்கள் கிளம்புமுன் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்; ஒரு லிட்டர் வெறும் தண்ணீர், ஒரு லிட்டரில் உப்பு சர்க்கரைக் கரைசலோ 100 பிளஸ் போன்ற பானமோ. ஆற்றில் நனைந்துகொண்டே இருப்பதால் வியர்ப்பது தெரியாது. திரும்பும் வழியில் காலில் தசைப்பிடிப்பு வந்த பிறகுதான் தெரியும். ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. காலை ஆறு மணிக்கு வாங்கிய நாசி லெமாக், தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்ந்தது, மூடிய பைக்குள் புழுங்கிப் பதினொரு மணிக்குப் புளித்திருக்கலாம். தேங்காய்ச் சட்னி கட்டிய இட்லிக்கும் அதே கதி. புளிச்சோறும் வறுத்த நெத்திலி சம்பலும் தாங்கும். மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியும் தாங்கும். எலுமிச்சை பிழிந்த சோறு, பேரீச்சம்பழம், கச்சான் (நிலக்கடலை), முறுக்கு எல்லாம் சரி. வாழைப்பழத்தைக் கையில் வெளிப்படையாக வைத்திருந்தால் குரங்கு வந்து பிடுங்கும், பையோடு.

குழுவுக்குப் பொதுவாக எடுத்துப் போக வேண்டியவை: ஆளுக்கொரு தலைவிளக்கு, ஆளுக்கொரு விசில், ஆளுக்கொரு மழைக்கோட்டு, ஆளுக்கொரு உலர்ந்த மாற்றுச் சட்டை, மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் தார்ப்பாய் ஒன்று, முதலுதவிப் பெட்டியில் இழுபடும் கட்டுத்துணி இரண்டு சுருள், கிருமிநாசினி, ஒவ்வாமை மாத்திரை, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். பகல் நடைக்குத் தலைவிளக்கு எதற்கு என்று கேட்பார்கள். சூரியன் ஏழு மணி வாக்கில்தான் மறையும் என்றாலும், பள்ளத்தாக்கில் மரத்தடியில் ஆறரைக்கே பாதை தெரியாது. ஆஸ்துமாக்காரர் தன் இன்ஹேலரையும், குளவிக் கொட்டுக்கு ஒவ்வாமை உள்ளவர் தன் மருந்தையும் தன் பையிலேயே வைத்திருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்கும் சொல்லி வைக்கட்டும். எல்லாவற்றையும் நீர்புகாப் பையில் போடுங்கள். அது இல்லையென்றால் கனமான பிளாஸ்டிக் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றி, முறுக்கி, மடக்கிக் கட்டினால் போதும்.

அட்டைக்குப் பயந்து யாரும் வராமல் இருக்க வேண்டாம். காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகி, மேலே பூச்சித் தைலம் தடவினால் பாதி குறையும். கடித்துவிட்டால் வாய் இருக்கும் மெல்லிய நுனிப் பக்கம் நகத்தை வைத்துத் தள்ளிவிடுங்கள். இழுத்துப் பிய்த்தால் காயம் பெரிதாகும். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அட்டை செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் வடியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். அட்டையைவிடக் குளவிக்குத்தான் பயப்பட வேண்டும். மரத்தடியில் தடதடவென்று மண்ணை மிதிக்காதீர்கள், கம்பால் புதரைக் குத்தாதீர்கள்.

நீர்வீழ்ச்சியில்

மேலிருந்து குதிக்காதீர்கள். போன வாரம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வாரம் மரக்கட்டை வந்து கிடக்கும். தண்ணீர் நேராக விழும் இடத்துக்கு நீந்திப் போகவும் வேண்டாம். அங்கே நீரில் காற்றுக் குமிழி நிறைந்திருப்பதால் உடம்பு மிதக்காது, சுழல் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரியாதவருக்கு இடுப்பளவுக்குக் கீழே, ஓரத்தில். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்காமல், ஒருவர் கரையில் குச்சியையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அரை மணிக்கு ஒருவர் என்று முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

இடையில் மாட்டிக்கொண்டால்

இரண்டு துறைகளுக்கு நடுவில் இருக்கும்போது தண்ணீர் ஏறிவிட்டால் கடக்காதீர்கள். காத்திருங்கள். மரக்கிளைகளில் பழைய வெள்ளம் விட்டுப்போன சருகும் நாரும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பார்த்து, அதற்கு மேலே நன்றாக ஏறி, சரிவு இளகாத இடத்தில் தார்ப்பாயைக் கட்டி எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். இவ்வளவு வேகமாக ஏறும் ஆறு வேகமாகவே வடியும். மழை நின்று சில மணி நேரத்தில் காலை எடுத்த படத்தின் அளவுக்கு இறங்கிவிடும். இருட்டிவிட்டால் விடியும் வரை இருங்கள். ஓர் இரவு குளிரில் நடுங்கியவர் யாரும் அதனால் இறந்ததில்லை என்று சொல்ல முடியாதுதான், ஆனால் இருட்டில் ஆற்றில் இறங்குவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய ஆபத்து. நனைந்த சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் நீர்புகாப் பையில் ஒரு சட்டை.

பள்ளத்தாக்குக்குள் கைத்தொலைபேசி எடுக்காது. ஆகவே வெளியே இருந்து தேடி வர ஒருவர் வேண்டும். கிளம்புமுன் வீட்டில் ஒருவருக்கு இவ்வளவையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள்: போகும் இடம், எத்தனை பேர், பெயர்கள், கார் எண், கார் நிற்கும் இடம், 3 மணிக்குள் அழைப்போம் என்ற வாக்கு, 5 மணி வரை அழைப்பு வராவிட்டால் 999-க்கு அழைக்க வேண்டும் என்ற குறிப்பு. 'லேட்டானால் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் வீட்டில் இருப்பவர் இரவு எட்டு மணி வரை தயங்கிக்கொண்டுதான் இருப்பார். தீயணைப்பு மீட்புப் படைக்குத் தேவையானது வெளிச்சம் உள்ள நேரம். விசில் அடையாளம் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு முறை.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றே சோப்புப் போட்டுக் குளித்து, கீறல்களைக் கழுவி மருந்து போடுங்கள். காட்டு ஆறுகளில் எலிச் சிறுநீர் கலந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியோய்டோசிஸ் இரண்டும் தோல் காயம் வழியாக நுழையும். 2010-இல் பகாங்கின் லுபோக் யூ ஆற்றில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்களுக்கு இந்த நோய்கள் தொற்றி 8 பேர் இறந்தார்கள். காலில் ஆறாத புண் இருக்கிறவர்களும் சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் இந்த நடையைத் தவிர்ப்பது நல்லது; போகத்தான் வேண்டுமென்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்த நான்கு வாரத்துக்குள் காய்ச்சலோ, கெண்டைக்கால் வலியோ, கண் சிவப்போ, கடுந்தலைவலியோ வந்தால் பானடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காமல் கிளினிக்குக்குப் போய், எந்தத் தேதியில் எந்த ஆற்றில் இறங்கினீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருத்துவர் டெங்கிப் பரிசோதனையோடு நிறுத்திவிடக்கூடும்.